மூக்குத்தியால் திறந்த கண்

நான் சாமி கும்பிடுகிறவன். செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டை முருகனைப் பார்க்காவிட்டால் எனக்கு அந்த வாரமே ஓடாது. ஆனால் பேய், பில்லி, காத்துக்கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். முருகன் ஒருத்தன் இருக்கும்போது மற்றதெல்லாம் எங்கே வந்து நிற்கும் என்பதுதான் என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். அதனால் இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், கோவையாக எழுதத் தெரியாது. நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

இது நடந்தது இரண்டாயிரத்து இரண்டில். எனக்குப் பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு பம்பர் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் டச்-அப் வேலை. மெஷின் அடித்த பெயிண்டில் தூசி, கொப்புளம், வழிசல் எது இருந்தாலும் தேய்த்து, திரும்ப அடித்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் சரி செய்வதுதான் என் வேலை. கை சுத்தம் என்று சூப்பர்வைசரே சொல்லுவார்.

எனக்கும் என் மனைவி கஸ்தூரிக்கும் கல்யாணம் ஆகி ஏழு வருஷம் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. மூன்றாவது முறை நான்கு மாதம் தாண்டி நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை சந்நிதியில் நின்று, ஒரு யோசனையும் இல்லாமல், வாயில் வந்ததை வேண்டிக்கொண்டேன். "முருகா, பிள்ளை நல்லபடியா பொறந்தா உன்ன என் கையாலயே ஆயில் பெயிண்டிங்ல வரஞ்சி உனக்கே கொண்டாந்து வெக்கிறேன்."

வேண்டிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பம்பருக்குப் பெயிண்ட் அடிப்பது வேறு, முகம் வரைவது வேறு. எனக்குப் பூசணிக்காய் கூட வரையத் தெரியாது.

எங்கள் வீட்டு மாடி அறையில் முத்துராஜ் என்று ஒரு பையன் வாடகைக்கு இருந்தான். பையன் என்றால் இருபத்தைந்து வயது, திருநெல்வேலிப் பக்கம், என் கம்பெனியிலேயே அசெம்ப்ளி லைனில் வேலை. அவன் தபால் வழியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தான். மாதம் ஒரு பாடம் வரும். டியூப் பெயிண்ட், டர்பன்டைன், ஆளிவிதை எண்ணெய், கேன்வாஸ் எல்லாம் வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பாடத்தை எடுத்துக் கொடுத்தான். முகம் வரையும் பாடம். உள்ளே ஒரு கலர் அச்சுப்படம், அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும்.

ஒரு வெள்ளைக்காரப் பெண். இருபது வயதுதான் இருக்கும். வெள்ளைக் கவுன், கழுத்தில் கறுப்பு ரிப்பன், நெற்றியில் சுருண்டு விழுந்த முடி, பின்னால் மழை வரப்போகிற மாதிரி இருட்டிய வானம். முகத்தில் மட்டும் எங்கிருந்தோ வெளிச்சம். பார்வை நம் மேல் இல்லை, இடது பக்கம் யாரோ போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 'ரொமாண்டிக் காலத்து உருவப்படம், சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தையது' என்று மட்டும் போட்டிருந்தது. பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

"அண்ணாச்சி, மொதல்ல இவளப் போடுங்க. இவ மூஞ்சி ஒங்க கைக்கு வந்துட்டுன்னா முருகன் மூஞ்சி தன்னால வந்துரும்" என்றான் முத்துராஜ்.

கஸ்தூரி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "வல்லக்கோட்டைக்கு வயி வெள்ளக்காரி வூட்டு வயியாவா போவுது? நல்லா கீது போங்க."

கட்டம் போட்டு அளவெடுத்து ஆரம்பித்தேன். கம்பெனியில் பெயிண்ட் அடித்தால் ஓவனில் போய் அரை மணியில் காய்ந்து வந்துவிடும். இதிலே ஒரு பூச்சு காய ஒரு வாரம் ஆகிறது. கீழ்ப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம், மாற்றிச் செய்தால் வெடித்துவிடும் என்று முத்துராஜ் சொல்லிக்கொடுத்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் உட்காருவேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டு மாதத்தில் அந்த முகம் வந்துவிட்டது. கன்னத்தின் சிவப்பு, ரிப்பனின் நிழல் வரைக்கும் வந்துவிட்டது. கண் இருக்க வேண்டிய இரண்டு இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு வைத்திருந்தேன்.

இங்கேதான் நான் செய்த தப்பு இருக்கிறது.

அதற்கு முந்தைய வருஷம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தில், கண் திறக்கும்போது ஸ்தபதிக்கு எடுபிடியாக நின்றிருந்தேன். சிலையில் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் கண். திரை போட்டுவிட்டு, தங்க ஊசியால் ஸ்தபதி கண்ணைத் திறப்பார். திறந்த உடனே முதல் பார்வை கண்ணாடி மேல் விழ வேண்டும். பிறகு பசுவும் கன்றும், அதன் பிறகுதான் ஜனங்கள். அந்த முதல் பார்வையை மனுஷர் தாங்க முடியாது என்று சொல்லி என்னைக்கூட ஓரமாகத் தள்ளி நிற்க வைத்தார்.

முருகனுக்கு அதைத்தானே செய்ய வேண்டும், இந்தப் படத்திலேயே பழகிக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றியது. முத்துராஜ் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

"புக்குல கண்ணையும் சேத்து மொதல்லயே போடச் சொல்லியிருக்கான் அண்ணாச்சி. இது சாமி இல்லல்லா, என்னைக்கோ செத்துப்போன ஒரு பொம்பள. இதுக்குப் போயி என்னத்துக்கு இதெல்லாம்?"

"கை பழகணும்பா. அன்னிக்கி முருகனுக்கு எதிர்ல கை நடுங்கினா இன்னா பண்றது?" என்றேன். அவன் டியூட்டிக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எனக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். நல்ல வெயில், முன் அறையெல்லாம் வெளிச்சம். குளித்து, விபூதி வைத்து, விளக்கேற்றினேன். படத்தை நாற்காலி மேல் நிறுத்தினேன். எதிரே ஸ்டூலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். கண்ணுக்குப் பிரஷ்ஷால் பழுப்பு, கறுப்பு எல்லாம் போட்டு முடித்தேன். கடைசியில் கருவிழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க வேண்டும். அது வைத்தால்தான் உயிர். அதற்குத் தங்கம் வேண்டுமே. கஸ்தூரியிடம் மூக்குத்தியைக் கேட்டேன்.

"செத்துப் போனவளுக்கு இன்னாத்துக்குங்க என் மூக்குத்தி?"

"பழகறதுக்குத்தான். இதோ குடுத்துடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். அதன் காம்பை வெள்ளைப் பெயிண்டில் தொட்டு, சரவணபவ என்று சொல்லி, முதலில் இடது கண்ணில் ஒரு புள்ளி, பிறகு வலது கண்ணில் ஒரு புள்ளி வைத்தேன். ஆமாம், முருகனின் மந்திரத்தைச் சொல்லித்தான் வைத்தேன்.

வைத்துவிட்டு, கண்ணாடிக்கு வழி விட்டு நான் ஒதுங்கினேன். அதே நேரம் கஸ்தூரி, "முட்சாச்சா? மூக்கு மொட்டையா கீது, குடுங்க" என்று சொல்லிக்கொண்டே நேராக வந்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றுவிட்டாள். நாற்காலி உயரம் குறைவு. படத்தின் கண்ணும் அவள் வயிறும் ஒரே மட்டத்தில் இருந்தன. அப்போது அவளுக்கு ஆறு மாதம்.

"அம்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை ஒரு உதை உதைத்தது என்றாள். அப்படி ஒரு உதை அதற்கு முன்னால் உதைத்ததே இல்லையாம். அவ்வளவுதான், பிறகு அன்றைக்கு முழுக்க அசைவே இல்லை. நான் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, இது அந்தாண்ட தானே பாத்துக்கினு இருந்துச்சு?"

அச்சுப்படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் அவள் இடது பக்கம்தான் பார்க்கிறாள். கட்டம் போட்டு, அளவு வைத்து, அந்தப் பார்வையைத்தான் நான் வரைந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். என் படத்தில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை பிசகிவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? காய்ந்ததும் சரி செய்துகொள்ளலாம் என்று மூக்குத்தியைத் துடைத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே அந்தக் கண்ணை வழித்துப் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. இரண்டு மாத உழைப்பு, மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது. டாக்டரம்மா இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். கஸ்தூரி முன் அறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி, துண்டு போட்டு மூடி வைத்தேன். அப்படியும் அவள் போகமாட்டாள்.

"மூடிதானே வெச்சிருக்கேன், அப்பறம் இன்னா?" என்று கேட்டேன்.

"மூடினா? நாம தூங்க சொல்ல பக்கத்துல ஒருத்தங்க முழிச்சிக்கினு இருந்தா தெரியுமில்ல, இருட்டுல கூட? அப்பிடி கீதுங்க எனக்கு."

நான் அவளைத் திட்டினேன். முருகன் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்செல்லாம் பேசாதே என்றேன்.

எட்டாம் மாதக் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. அழுதது, பால் குடித்தது, விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டது. கண்ணை மட்டும் திறக்கவில்லை. முதல் நாள் யாரும் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் நர்ஸம்மா ஈரப்பஞ்சால் துடைத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் கண் டாக்டர் வந்து இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளைதான் தெரிந்தது, கருவிழி மேலே செருகிக்கொண்டிருந்தது. "கண் உள்ளே நல்லாத்தான் இருக்கு. ஏன் திறக்கலன்னு சொல்லத் தெரியல. மெட்ராஸ் கூட்டிட்டுப் போங்க, இங்க எடை கொஞ்சம் ஏறட்டும்" என்றார். ஏழு வருஷம் காத்துப் பெற்ற குழந்தை. அது தன் அம்மாவின் முகத்தைப் பார்க்குமா பார்க்காதா என்று தெரியாமல் அந்த வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வது?

ஒன்பதாம் நாள் காலையில் காபி வாங்கிக்கொண்டு போனேன். கஸ்தூரி என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"வூட்ல அவ முழிச்சிக்கினுதான் கீறாளா?"

யார் என்று நான் கேட்கவில்லை. காபியை அங்கேயே வைத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. முத்துராஜுக்கு அன்றைக்கு வார லீவு, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். படத்தை எடுத்து நாற்காலியில் வைத்து, துடைப்பதற்கு டர்பன்டைன் பாட்டிலைத் திறந்து வைத்தேன். என்ன இருந்தாலும் கண் திறந்து வைத்த ஒன்று, சும்மா வழிக்கக்கூடாது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தட்டில் கற்பூரம் ஏற்றினேன்.

"அண்ணாச்சி! டர்பன்டைன் பாட்டில் தொறந்து கெடக்கு, கற்பூரத்தப் போயி கொளுத்துதிய! வீட்டோட போயிருவோம்!" என்று அவன் பாய்ந்து வந்து வாயால் ஊதி அணைத்தான். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு பேருமே ஒரு நிமிஷம் சிரித்தோம். அதுதான் கடைசிச் சிரிப்பு.

"தாயே, நீ யார்னு எனக்குத் தெரியாது. தெரியாம தொறந்துட்டேன். எம் பொண்ணுக்கு வுட்டுக்குடு" என்று கும்பிட்டுவிட்டு, பெயிண்ட் வழிக்கிற கத்தியை எடுத்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் பெயிண்ட்டில் கை வைத்தவன் நான். அதனால் இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். அன்றைக்கு அந்தப் படம் வரைந்து கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகியிருந்தது. முகம், கவுன், வானம் எல்லாம் தொட்டால் ஒட்டாது, காய்ந்து இறுகிவிட்டது. கண் இரண்டும் ஈரம். இப்போதுதான் வைத்த மாதிரி ஈரம். முத்துராஜும் தொட்டுப் பார்த்தான். விரலில் கறுப்பு ஒட்டியதும் கையை இழுத்துக்கொண்டு, "எங்க ஊரு இசக்கியம்மா, காப்பாத்து" என்று சுவரோடு போய் நின்றான்.

இடது கண்ணை வழித்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வலது கண்ணை வழித்தேன். கீழே கேன்வாஸ் புதுசு போல வெள்ளையாக இருந்தது, ஒரு கறை கூட இல்லை. கம்பெனி வேலையில் அப்படிச் சுத்தமாக எந்தப் பெயிண்ட்டும் வந்து நான் பார்த்ததில்லை. கத்தியைக் காகிதத்தில் துடைக்கும்போது ரோட்டில் கம்பெனி பஸ் செகண்ட் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்படியானால் மணி ஒன்றரை.

அன்றைக்கே அந்தப் படத்தைக் கல் கட்டி ஏரியில் இறக்கிவிட்டு, குளித்துவிட்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கஸ்தூரி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கண் திறந்திருந்தது. கறுகறுவென்று, என் அம்மாவின் கண் மாதிரி அழகான கண்.

"ஒன்ற மணிக்கு தொறந்தா. பக்கத்து பெட்காரம்மா மணி பாத்து சொல்லிச்சு" என்றாள்.

"முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்பறம் ஏன்டி அழுவுற?"

"அப்போலேர்ந்து மூடலங்க. பால் குடிச்சா, ஏப்பம் வுட்டா, தூங்கிட்டா. தூங்கறா இப்ப, பாருங்க, மூச்ச பாருங்க."

பார்த்தேன். தூக்கத்தில் வரும் மூச்சுதான், சீராக வந்துகொண்டிருந்தது. விரல் தளர்ந்து கிடந்தது. கண் மட்டும் திறந்தே இருந்தது.

டாக்டர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சில பேர் அப்படித்தான் தூங்குவார்கள், இமை கொஞ்சம் குட்டை, ராத்திரி சொட்டு மருந்து விடுங்கள், காய்ந்து போகாமல் இருக்கும் என்றார்கள். இருக்கலாம். விழித்திருக்கும்போது எல்லோரையும் போலக் கண் சிமிட்டுவாள், சிரிப்பாள், படிப்பாள், பார்வையில் ஒரு குறையும் இல்லை. முருகனை நான் வரையவில்லை. மொட்டை அடித்து, காவடி எடுத்து, என் கை இனிமேல் உனக்கு வேண்டாமப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன். கஸ்தூரி அந்த மூக்குத்தியை உண்டியலில் போட்டாள். முத்துராஜ் அடுத்த மாதமே அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டான்.

மனசு கேட்காமல் அந்த ஸ்தபதியை ஒரு முறை தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, திறந்த கண்ணை மூடுவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா என்று கேட்டேன்.

"சாமிக்கு இமையே கெடையாதுப்பா. மூடறதுக்கு நாங்க படிக்கவே இல்ல" என்றார்.

இப்போது என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போன தை மாதம்தான் செய்தோம். மாப்பிள்ளை வாலாஜாபாத், தங்கமான பையன். தூக்கத்தில் கண் மூடமாட்டாள் என்பதை முன்பே சொல்லித்தான் கொடுத்தோம். அதெல்லாம் ஒரு விஷயமா மாமா என்று சொன்னவர்தான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு அவள் உள்ளே படுத்துவிட்டாள். நானும் மாப்பிள்ளையும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஏதோ கேட்க நினைத்து நினைத்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மாமா. அவ தூங்க சொல்ல முழி அசையறதே இல்ல. நான் லைட்டு போட்டு பாத்துட்டேன், துளி அசையல. ஆனா நான் கட்டிலுக்கு இந்தாண்ட நின்னா என்ன பாக்குறா. அந்தாண்ட போய் நின்னாலும் என்னதான் பாக்குறா. கால் மாட்டுல நின்னாலும்... முழி அசையாம அது எப்பிடி மாமா?"

எனக்குத் தெரிந்து அந்தக் குணம் ஒன்றுக்குத்தான் உண்டு. நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு முகத்தை வரைந்து சுவரில் மாட்டினால், அறையில் நீங்கள் எந்த மூலைக்குப் போனாலும் அது உங்களைத்தான் பார்க்கும். தட்டையான துணியில் பெயிண்ட்டால் போட்ட கண் அது, அதனால் அப்படி. ரத்தமும் சதையுமாக இருக்கிற கண்ணுக்கு அப்படி வராது, வரவே முடியாது.

அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கஸ்தூரியிடம் கூடச் சொன்னதில்லை. மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே திரும்பிப் பார்த்தேன், கஸ்தூரி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.